போன சொல் திரும்புமா?

செய்த வினையை இல்லாமற் செய்துவிட முடியுமா என்னும் கேள்வி, நம் சாஸ்திரங்கள் அனைத்தையும் ஓயாமல் அலைக்கழித்து வந்திருக்கிறது. யாகம் முடிந்து புகையும் அடங்கிய பிறகு, பலன் கைகூடும் நாள்வரை அந்தக் கர்மம் எங்கே எவ்வடிவில் தங்கியிருக்கிறது என்று ஆராய்ந்த மீமாம்சகர்கள், ‘அபூர்வம்’ என்றொரு புலப்படாத சக்தியை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஞானம் உதித்தவனுக்குப் பழவினை அழியும், வருவினை ஒட்டாது என்று உறுதி கூறும் பிரம்ம சூத்திரமும், பயன்தரத் தொடங்கிவிட்ட வினையை மட்டும் அந்த விதிக்குப் புறம்பாகவே நிறுத்துகிறது. சைவ சித்தாந்தமோ, சஞ்சிதம் என்னும் பழவினையைக் குருவருளால் எரித்த பின்னும், பயன்தரத் தொடங்கிவிட்ட பிராரப்தத்தை உடல் உள்ளளவும் அனுபவித்தே தீர்க்கச் சொல்லுகிறது. இத்தனை பழமையான விசாரத்தை எனக்குப் புதிதாக நினைவூட்டியது, கொருக்குப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸின் கம்ப்யூட்டர்.

பீச் ஸ்டேஷனிலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் தண்டவாளமும், சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாக வரும் தண்டவாளமும் ஒன்றுகூடும் இடம் கொருக்குப்பேட்டை. அங்கே ஏறும் ஒவ்வொரு லோடுக்கும் ஓர் எல்.ஆர்., அதாவது லாரி ரசீது, உண்டு. முன்பு கார்பன் தாள் வைத்து எழுதிய அந்த ரசீதை இந்த ஆபீஸில் இப்போது போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸ் வைத்திருக்கிறது. 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சியின் சந்ததி அது. அதன் சர்வருக்குள்ளேயே பைதான் மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தார்கள். எல்.ஆர். பதிவானதும், சரக்கு பெறுபவருக்கு ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்புவதும், எடையை ரேட்டால் பெருக்கி வாடகையைக் கணக்கில் ஏற்றுவதும் அதன் வேலை.

வந்த புகார் விசித்திரமானது. சில பார்ட்டிகள் கையில் எஸ்.எம்.எஸ்.ஸோடு வந்து சரக்கைக் கேட்கிறார்கள்; ஆபீஸின் பதிவில் அப்படியொரு எல்.ஆரே இல்லை. அத்துடன் எல்.ஆர். எண்களில் ஆங்காங்கே ஒன்றிரண்டு விடுபட்டிருந்தன. முதலாளியின் பார்வை குமாஸ்தாவின் மேல் விழுந்தது.

கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் இளைஞர் அந்தப் பைதான் வரிகளை வெளியே எடுத்துத் தனியாக ஓட்டிப் பார்த்தார், பழுதின்றி ஓடின. உள்ளே வைத்தால் மட்டும் சில வேளை விழுந்தன. நடுவே ‘பிரிண்ட்’ போட்டுப் பார்த்தார். அவர் திரையில் ஒன்றும் வரவில்லை. சர்வருக்குள் ஓடும் ஃபங்ஷன், அதை அழைத்தவரின் நாற்காலியிலிருந்து ஓடுவதில்லை. சர்வரின் சொந்த யூசராக, சர்வரின் சூழலில், சர்வருக்குத் தெரிந்த பாதைகளை மட்டும் அறிந்து ஓடுகிறது. அது பேசுவதைக் கேட்க வேண்டுமானால் டேட்டாபேஸ் வகுத்திருக்கும் நோட்டீஸ் கட்டளையால் பேசவைக்க வேண்டும், அல்லது சர்வரின் லாகைத் திறந்து படிக்க வேண்டும். லாகைப் படித்தபோது வரி எண் உட்பட எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. எடைச் சீட்டு வராத லோடுகளில் குமாஸ்தா எடையை வெறுமையாக விட்டிருந்தார். டேட்டாபேஸின் சொந்த மொழியில் வெறுமையை எதனால் பெருக்கினாலும் வெறுமையே விடையாக வந்து காரியம் சப்தமின்றி நடந்துவிடும். பைதான் அதற்கு இணங்காது. அந்த இடத்திலேயே எரர் கொடுத்து நின்றுவிடும்.

எரர் எழுந்தவுடன் அந்த டிரான்ஸாக்‌ஷன் முழுவதும் ரோல்பேக் ஆயிற்று. முழுமையாக நடக்க வேண்டும், இல்லையேல் அறவே நடந்திருக்கக் கூடாது என்பது டேட்டாபேஸ் நமக்குத் தரும் வாக்கு. அந்த வாக்கின்படி எல்.ஆர். பதிவு பிறவாதது போலவே மறைந்தது. ஆயினும் இரண்டு எச்சங்கள் நின்றன. ஒன்று எண். பல குமாஸ்தாக்கள் ஒரே சமயத்தில் எண் எடுக்கையில் ஒருவருக்காக மற்றவர் காத்திராதபடி, எடுத்த எண் எடுத்ததே, ரோல்பேக் ஆனாலும் அது திரும்பாது என்று போஸ்ட்கிரெஸ் விதித்திருக்கிறது. மற்றொன்று, கணக்குப் போடுமுன்பே புறப்பட்டுவிட்ட எஸ்.எம்.எஸ். பெர்ல், டிசிஎல் என்னும் மொழிகளை வேலிக்குள் ஓடும் வகை, வேலியற்ற வகை என்று இருவிதமாக வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ், பைதானுக்கு அப்படியொரு வேலி நம்பத்தக்கதாக இல்லை என்று கண்டு, 2003இல் வெளிவந்த 7.4ஆம் பதிப்பு முதல் அதை வேலியற்ற வகையில் மட்டுமே அனுமதிக்கிறது. ஆகையால் பைதான் ஃபங்ஷன் சர்வருக்குள் இருந்துகொண்டே வெளியுலகில் காரியம் செய்ய வல்லது. அங்கே அது செய்ததை மீட்கும் அதிகாரம் எந்த ரோல்பேக்குக்கும் இல்லை.

இதைக் கேட்டபோது, கொருக்குப்பேட்டைக்கு வடக்கே அதிக தூரமில்லாத திருவொற்றியூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் வரலாறே என் மனத்தில் நின்றது. உன்னைப் பிரியேன் என்று, தாம் மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்ய வேண்டி வந்த சுந்தரர், சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்குமாறு இறைவனை வேண்டிக்கொண்டார்; இறைவனோ அதற்கு இசைந்துவிட்டு, மகிழடியிலேயே சத்தியம் வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டான். பின்னொரு வசந்தத்தில் ஆரூர் நினைவு மேலிட, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணொளி போயிற்று. இறைவனின் தோழராகவே இருந்தும், சொன்ன சொல்லைச் சொல்லாததாக்கும் வரத்தை அவரால் பெற முடியவில்லை. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண் என்று பாடிப்பாடி, படிப்படியாகத்தான் அருள் வந்தது.

அதற்குக் காரணம் இறைவனின் கடுமை என்று எனக்குத் தோன்றவில்லை. சத்தியம் சுந்தரரின் நெஞ்சோடு நின்றிருந்தால் அது அவருக்கும் ஆண்டவனுக்கும் இடையிலான கணக்கு. அழிக்க நினைத்தால் அழித்திருக்கலாம். ஆனால் அது சங்கிலியாரின் செவியில் ஏறி, அவர் வாழ்வின் ஆதாரமாகிவிட்டது. இன்னொருவர் நம்பிக்கையாக ஆகிவிட்ட சொல்லை, சொன்னவனுக்காக அழித்துக் கொடுப்பது அந்த இன்னொருவருக்குச் செய்யும் அநியாயம். ஆகவே மன்னிப்பு வேறு, அழித்தல் வேறு என்றும், பிறர்மேல் சென்று தங்கிய வினைக்கு ஈடு செய்தல் ஒன்றே வழி என்றும் கொள்கிறேன். 1987இல் கார்சியா மோலினா, சேலம் என்னும் இரு கம்ப்யூட்டர் அறிஞர்களும், நீண்ட டிரான்ஸாக்‌ஷன்களை ஆராய்ந்து, முடிந்துபோன ஒவ்வொரு படியையும் அதற்கென வகுத்த ஈட்டுக் காரியத்தால் சரிசெய்யும் முறையையே எழுதினார்கள் என்பதை அறிந்து மகிழ்ந்தேன்.

சர்வருக்குள் ஃபங்ஷன் எழுதும் தம்பிமாருக்கு என் விண்ணப்பம் இது: செய்தியை ஃபங்ஷனுக்குள்ளிருந்தே அனுப்பாமல் ஒரு டேபிளில் எழுதி வையுங்கள், பதிவு உறுதியாகி கமிட் ஆன பிறகு அதைப் படித்து அனுப்பும் வேலையை வெளியே ஒரு புரோகிராமிடம் விடுங்கள். கமிட் ஆனால் மட்டுமே வெளியேறும் நோட்டிஃபை என்னும் வசதியைப் போஸ்ட்கிரெஸே வைத்திருக்கிறது. அந்தப் புரோகிராமை எழுப்ப அது போதும். முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை: ரசீது எண் விடுபட்டிருப்பதைக் கண்டு குமாஸ்தாவைச் சந்தேகிக்குமுன், சர்வரின் லாகைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.