காணலும் காட்டலும்

மதுரையில் நரம்பியல் மேற்படிப்பு முடித்த ஒருவர், புறநோயாளிப் பிரிவை விட்டுவிட்டு, ஆபரேஷன் நடக்கும்போது நரம்புகளின் இயக்கத்தைக் கண்காணிக்கும் துறைக்குப் போகலாமா என்று யோசிக்கிறார் என்றால், அவர் முன்னால் சம்பளக் கணக்கோடு ஓர் அறக் கேள்வியும் நிற்கிறது. மருந்து எழுதாமல், கத்தி எடுக்காமல், மயங்கிக் கிடப்பவர் பக்கத்தில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது முழுத் தொண்டாகுமா? ஆகும் என்பதே என் கட்சி.

வளைந்த முதுகெலும்பைத் திருகாணியும் கம்பியும் பொருத்தி நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபடலாம், அதற்கு ரத்தம் குறையலாம். அப்படி நேர்ந்தால் கண் விழித்த பிறகு கால் அசையாமல் போகும். 1973-இல் பிரெஞ்சு மருத்துவர் ஸ்டக்னாராவும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு வழி சொன்னார்கள்: ஆபரேஷன் நடுவே மயக்கத்தைத் தெளியவைத்து, காலை அசைக்கச் சொல்லிப் பார்ப்பது. அது அந்த ஒரு கணத்தை மட்டுமே சொல்லும். இன்று கணுக்காலில் சிறு மின்தூண்டல் கொடுத்து, அது தண்டுவடம் வழியே ஏறி வரும் அலையைத் தலையில் பதிவு செய்கிறார்கள்; மண்டையோட்டின் மேலிருந்தே மூளையைத் தூண்டிக் கால் தசை துடிக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அலையின் உயரம் பாதியாகக் குறைந்தாலோ, அது வந்து சேர 10 சதவீதம் தாமதமானாலோ எச்சரிக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் அலை ஏன் விழுந்தது? ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம், மயக்க வாயு கூடியிருக்கலாம், மின்முனை கழன்றிருக்கலாம். கம்பி இழுத்ததாகவும் இருக்கலாம். சில நிமிடங்களுக்குள் இவற்றைப் பிரித்தறிந்து, மயக்க மருத்துவரிடம் ஒன்றும் அறுவை மருத்துவரிடம் ஒன்றும் சொல்லியாக வேண்டும்.

சாங்கிய மரபில் புருஷன் எனும் உயிர் வெறும் சாட்சி, இயங்குவதெல்லாம் பிரகிருதி எனும் இயற்கை. கண்காணிப்பவரும் அப்படிப்பட்ட சாட்சிதான் என்றால், அவரை மருத்துவர் என்று அழைப்பது கடினம். நம் சைவ சித்தாந்தம் வேறு விதமாக நினைத்தது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் வகுத்த நெறியில் கண் தானாகக் காண்பதில்லை, உயிர் காட்டக் காண்கிறது. அந்த உயிரும் இறைவன் காட்டவே அறிகிறது. காட்டுவதும் உடனிருந்து காண்பதும் அங்கே உபகாரம், அருளின் செயல். மருத்துவரைக் கடவுளாக்க இதைச் சொல்லவில்லை. காட்டுதலைச் செயலினும் தாழ்ந்ததாக எண்ண வேண்டியதில்லை என்பதற்கு நம்மிடமே ஆழமான ஆதாரம் இருக்கிறது. அதே அளவுகோல் கடுமையாகவும் பேசும்: அலை விழுந்ததைக் கண்டும், பெரிய சர்ஜனிடம் நிறுத்தச் சொல்லத் தயங்கி வாய் மூடியிருப்பவர் கண்டவரே ஆகார்.

பலனை யாரும் காண முடியாதே என்று ஒரு தடை எழலாம். உண்மைதான். நன்றாக நடந்து வீடு திரும்பியவரைச் சுட்டி, இவருக்குக் கால் போயிருக்கும், நான் தடுத்தேன் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. பலரைச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே அது தெரியும். 1995-இல் வெளியான, 51,000-க்கும் மேற்பட்ட முதுகெலும்பு ஆபரேஷன்களைப் பற்றிய அமெரிக்கக் கணக்கெடுப்பில், கண்காணிப்பில் அனுபவம் மிக்க குழுக்களிடம் நரம்புப் பாதிப்பு, அனுபவம் குறைந்த குழுக்களில் கண்டதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. தேர்ந்த குழுக்கள் மற்ற எல்லாவற்றிலும் தேர்ந்தவையாக இருந்திருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கருவி எல்லா இடத்திலும் இருந்தது, வேறுபட்டது பார்த்தவரின் பயிற்சி. பலனில் பற்று வேண்டாம் என்று கீதை வழியில் சொல்வார்கள். தனி ஒருவரிடத்தில் பலன் கண்ணுக்கே தெரியாத இந்த வேலையில் அந்த நெறி அன்றாடத் தேவையாகிவிடுகிறது.

என்னை உண்மையில் தடுமாற வைப்பது வேறொரு தடை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கமிருந்தெல்லாம் வலிப்புக்காரர்களும் பக்கவாதக்காரர்களும் விடியற்காலைப் பஸ் பிடித்து வருகிறார்கள். அவர்களைக் காக்கவைத்துவிட்டு, ஒரே நோயாளிக்காக ஒரு நரம்பியல் மருத்துவர் நாள் முழுக்கத் தியேட்டரில் இருப்பது நியாயமா? முழுநேரமாக என்றால் நியாயமில்லை என்றே சொல்வேன். அமெரிக்காவில் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் தியேட்டரில் இருக்க, மருத்துவர் தொலைவிலிருந்து அலைகளைப் பார்த்து வழிகாட்டுவது வழக்கம். இங்கும் முதலில் அத்தகைய தொழில்நுட்பர்களை உருவாக்க வேண்டும். சிக்கலான கட்டங்களுக்கு மட்டும் மருத்துவர் நேரில் போகலாம். ஆபரேஷனுக்கு முந்தைய மாலை வார்டுக்குப் போய், நோயாளியின் கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, எங்கே மரத்திருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வதை மட்டும் அவர் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது.