வெட்டில்லாத ஆட்டம்

கற்றதை மறவாதிருக்க விளையாட்டைத் துணைக்கொள்வது தகுமா? அதிலும் கொல்லாமையையும் பற்றின்மையையும் போதிக்கின்ற காப்பியங்களை, வெற்றி தோல்வியால் இயங்கும் ஓர் ஆட்டமாக மாற்றிக் கற்பிப்பது அறமாகுமா? கோடை விடுமுறையில் நம் குழந்தைகளுக்கு அறநெறி வகுப்பு நடத்த முன்வந்த இளம் ஆசிரியை ஒருவர், சீவக சிந்தாமணிக்கும் சிலப்பதிகாரத்திற்கும் வினாவிடை அட்டைகள் எழுதித் தருமாறு அண்மையில் என்னிடம் கேட்டார். "விளையாட்டாக நடத்தினால்தான் பிள்ளைகள் வருவார்கள் அம்மா" என்றார். அவர் கூறியது உண்மையே. ஆயினும் எழுத அமர்ந்த எனக்குக் கை ஓடவில்லை. அதன் காரணத்தை ஆராய்ந்தபோது எழுந்த எண்ணங்களையே இங்கு வாசகர்முன் வைக்கிறேன்.

மனனத்தின் இடம்

முதலில், மனனத்தை இகழ்வோர் கூட்டத்தில் நான் சேர்ந்தவள் அல்லள். நம் முன்னோர் நினைவாற்றலைப் பெரிதும் போற்றினர். மண்டல புருடர் சூடாமணி நிகண்டைச் செய்யுளாக இயற்றியமையால்தான் திண்ணைப் பள்ளிச் சிறுவர் அதனை எளிதில் நெஞ்சில் நிறுத்தினர். எதுகையும் மோனையும் அந்நாளைய நினைவுக் கருவிகள் எனலாம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு 'மின்னட்டை' என்று கற்பித்ததும் அவ்வழியில் வந்த ஒரு கருவியே. பழைய திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கத்தில் ஒருபுறம் வினாவும் மறுபுறம் விடையும் எழுதி, நூற்றுக்கணக்கான அட்டைகளை நான் செய்திருக்கிறேன்.

அட்டை பயன் தருவதற்குத் தக்க காரணமும் உண்டு. ஒரு பாடத்தைப் பத்து முறை திரும்பப் படிப்பதைவிட, நூலை மூடிவைத்துவிட்டு அதனை நெஞ்சிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வது நினைவை வலுப்படுத்தும். கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மீதே சோதித்து 1885இல் நூலாக வெளியிட்டார். விடை தெரிந்த அட்டையை அடுத்த அறைக்கும் தெரியாத அட்டையை முதல் அறைக்கும் மாற்றி வைக்கும் பெட்டி முறையை லைட்னர் என்பார் 1972இல் பரப்பினார். தெரியாததையே மிகுதியாகப் பயில வைக்கும் நல்ல முறை அது. எனவே அட்டை தீதன்று. அதன் எல்லை எது என்பதே வினா.

அந்த எல்லையைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்திலேயே காட்டியுள்ளார். மாணாக்கரை மூவகைப்படுத்தும்போது அன்னத்தையும் ஆவையும் தலையாய மாணாக்கருக்கு உவமை கூறுகிறார். மண்ணும் கிளியும் இடைப்பட்டோருக்கு உவமைகள். சொன்னதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லும் கிளிக்கு அவர் கடையிடம் தரவில்லை. முதலிடமும் தரவில்லை. முதலிடம், மேய்ந்ததை ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவுக்கே உரியதாயிற்று. மின்னட்டை நல்ல கிளிகளை உருவாக்கும். பசுவை உருவாக்க அதனால் மட்டும் இயலாது.

பெயர் அறிதல் மட்டும் போதாது என்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே சான்று உண்டு. நிலக்கோட்டை வட்டம் மேட்டுப்பட்டியில் உள்ள சித்தர்மலைக் குகைத்தளத்தில் பழங்காலக் கற்படுக்கைகள் உள்ளன. அவற்றினருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களை வாசித்துவிடலாம். ஆனால் அவர்கள் எதனைத் துறந்தனர், எதற்கு அஞ்சினர், எதனை ஈந்து மகிழ்ந்தனர் என்பதைப் பெயர் சொல்லாது. பெயர் அறிவின் வாயில். வாயிலிலேயே நின்றுவிடுதல் கல்வியன்று.

ஒரு வினா, பல விடை

பத்தாம் வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்திய காலத்தில், "கோவலன் இறப்புக்குக் காரணமானவர் யார்?" என்று ஓர் அட்டை எழுதினேன். பின்புறம் "பாண்டியன் நெடுஞ்செழியன்" என்று விடை எழுதியிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், வாளை வீசியவன் பாண்டியன் இல்லையே?" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தேன்.

இன்று எண்ணிப் பார்க்கையில், அன்று அவ்வகுப்பில் எழுந்த நல்ல வினா அது ஒன்றே எனத் தோன்றுகிறது. வாளை வீசியவன் கல்லாத காவலன் ஒருவன். பொய்யுரைத்தவன் பொற்கொல்லன். ஆராயாது ஆணையிட்டவன் அரசன். கட்டுரைகாதையில் மதுராபதித் தெய்வமோ, கோவலன் முற்பிறப்பில் பரதனாக இருந்து சங்கமன் என்னும் வணிகனுக்குக் கொலைத்தண்டனை வாங்கித் தந்த வினையைக் காரணமாகக் கூறுகிறது. இவற்றுள் எதனை அட்டையின் பின்புறம் எழுதுவது?

வினை என்பதே சமணர் விடை என நம்மவர் கூறலாம். ஆயின் அதனை மட்டும் எழுதினால் அரசனின் ஆராயாமை மறைந்துவிடும். அரசனை மட்டும் எழுதினால் பொய்யுரைத்தவன் தப்பிவிடுவான். காப்பியத்தில் வரும் பாண்டியன், ஊழ்வினை மீது பழியைச் சுமத்தித் தப்பவில்லை. தானே குற்றவாளி என ஏற்று அரியணையிலேயே உயிர் நீத்தான். ஒவ்வொரு விடையும் ஒரு நயத்தால், ஒரு நோக்கால் உண்மை. இதுவே அநேகாந்தம். எல்லா விடையும் சமம் என்று கைவிரிப்பது அநேகாந்தம் ஆகாது. எந்த விடை எந்த நோக்கில் உண்மை என்று எல்லையிட்டுக் கூறுவதே அதன் இலக்கணம். ஒரே பின்புறம் உள்ள அட்டை, நாம் அறியாமலேயே குழந்தைக்கு ஏகாந்தத்தைப் பழக்குகிறது.

பழத்தைப் பறித்தவன்

இரண்டாவது குறை இதனினும் கொடியது. அதனை என் குற்றமாகவே கூற வேண்டும். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன், வகுப்பை இரு அணிகளாகப் பிரித்து அட்டை விளையாட்டு நடத்துவேன். அட்டையைக் காட்டி ஐந்து எண்ணுவேன். அதற்குள் விடை கூறாதவர் அணியிலிருந்து விலகிச் சுவரோரம் நிற்க வேண்டும். இறுதிவரை அமர்ந்திருப்போருக்கு ஒரு பேனா பரிசு.

பேசும்போது திக்கும் இயல்புடைய மாணவி ஒருத்தி அவ்வகுப்பில் இருந்தாள். சிந்தாமணியின் இலம்பகங்கள் பதின்மூன்றையும் வரிசை பிறழாமல் எழுதிக் காட்டக்கூடியவள். அன்று அவளுக்கு வந்த வினா எளிதானது. விடையின் முதலெழுத்து அவள் உதட்டில் நின்றது. நான் ஐந்து எண்ணி முடித்துவிட்டேன். அவள் சுவரோரம் சென்று நின்றாள். அவளுடைய அணியினர் அவளைக் கடிந்துகொண்டனர். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவள் கையுயர்த்தவில்லை. விடை அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணினேன், விதி விதிதானே என்று. அவளிடம் வருத்தம் தெரிவிக்க எண்ணி எண்ணி ஆண்டு முடிந்தது. அவளும் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டாள்.

அன்றைய பாடம் எது தெரியுமா? முத்தி இலம்பகம். சோலையில் ஆண்குரங்கு ஒன்று தன் துணைக்குப் பலாப்பழம் கொடுக்க, காவலன் வந்து அதனைப் பறித்துக்கொள்வதைச் சீவகன் காண்கிறான். பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரனையும், பறித்தவன் தன்னையும், பழம் அரச போகத்தையும் ஒத்திருப்பதாக எண்ணுகிறான். வென்றவன் தன் வெற்றியில் பறித்தலைக் கண்ட கணம் அது. அங்கிருந்தே அவனது துறவு தொடங்குகிறது. திருத்தக்கதேவர் 3,145 பாடல்களில் நம்மை அழைத்துச் செல்வது அந்தக் காட்சியை நோக்கியே எனலாம். அதனைப் பாடமாக வைத்துக்கொண்டு, நான் ஒரு குழந்தையின் கையிலிருந்த பழத்தைப் பறித்தேன்.

சாவகர் விலக்க வேண்டிய ஏழு தீப்பழக்கங்களுள் சூது முதலாவதாக எண்ணப்படுகிறது. காசு வைத்து ஆடுவது மட்டுமே சூது என நாம் அமைதி கொள்கிறோம். சுவரோரம் நின்ற அச்சிறுமியின் மானம் அன்று பணயமாக வைக்கப்பட்டது. வைத்தவள் அவள் அல்லள், நான். வென்ற பிள்ளைகளுக்கோ மானக் கஷாயம் என்னும் செருக்கு பேனாவுடன் சேர்த்துப் பரிசாகக் கிடைத்தது. குழந்தையின் தன்மதிப்பைப் பணயமாகக் கொள்ளும் ஆட்டம், அதில் கேட்கப்படும் வினா எத்துணைப் புனிதமானதாயினும், சூதின் இனமே என்பது என் துணிபு.

வெட்டும் பரமபதமும்

அப்படியாயின் விளையாட்டையே விலக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நம் வீடுகளில் இரண்டு ஆட்டங்கள் உண்டு. தாயத்தில் பிறர் காயை வெட்டாமல் பழம் ஏற இயலாது என்று விதி வைத்து ஆடுவோர் பலர். பரமபதத்தில் வெட்டு என்பதே இல்லை. ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் வீழ்வதும் அவரவர் நின்ற கட்டத்தின் பயன். என் ஏற்றத்திற்கு உன் வீழ்ச்சி தேவையில்லை. வட இந்தியச் சமணர் 'ஞானபாஜி' என்னும் பெயரில் இவ்வாட்டத்தைத் துணியிலும் தாளிலும் எழுதி வைத்திருந்தனர். அவர்களது பலகையில் பெரும்பாலும் 84 கட்டங்கள் இருக்கும். கட்டந்தோறும் குணங்களும் குற்றங்களும் உலகங்களும் பெயர் பெற்றிருக்கும். காய் நகரும்போதே வினைக்கோட்பாடு நெஞ்சில் பதியும். விளையாட்டால் சமயம் கற்பிப்பதை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை என்பதற்கு அப்பலகைகளே சான்று. அவர்கள் வெட்டை விலக்கி ஆட்டத்தை வைத்துக்கொண்டனர்.

ஆசாரிய உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் சுவாத்தியாயத்தை ஐந்தாக வகுக்கிறார். படித்தல், வினாவுதல், சிந்தித்தல், பிழையற ஓதி நெஞ்சிற்கொள்ளுதல், அறமுரைத்தல் என்பன அவை. மின்னட்டை செய்யும் பணி நான்காவதாகிய ஓதுதல் ஒன்றே. மற்ற நான்கும் இல்லாதபோது அது தவம் ஆகாது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் கிடைப்பது கால்பங்கு, உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு கால், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய பாதி என்னும் கருத்தை நன்னூலும் கூறுகிறது. உடன் பயில்வோர் கால்பங்குக் கல்வியைத் தருபவர் எனின், அவர்களைத் தோற்கடிக்க வேண்டிய எதிரணியாக்குவது எத்துணை அறியாமை!

ஆகவே அந்த ஆசிரியைக்கு அட்டைகளை எழுதி அனுப்பியுள்ளேன். பெயர், ஊர், இலம்பக வரிசை போன்றவற்றுக்கு முன்போலவே ஒரு விடை உண்டு. அவற்றைக் குழந்தை தனியாகவோ தோழியுடனோ எண்ணிக்கையின்றிப் பயிலலாம். "கோவலன் இறப்புக்குக் காரணம் யார்?" போன்ற அட்டைகளின் பின்புறத்தில் "ஒரு நோக்கில்" என்னும் இரு சொற்களை மட்டும் எழுதி, மற்றதை வெற்றிடமாக விட்டுள்ளேன். மூவர் மூன்று நோக்கில் விடை எழுதிய பின்னரே கூட்டம் முழுவதும் அடுத்த கட்டத்திற்கு நகரலாம். தெரியாதவர் தெரிந்தவரிடம் கேட்டுக் கூறலாம். கூறிய பின் அதனை இன்னொருவருக்கு அவர் விளக்க வேண்டும். சுவரோரம் எவரும் நிற்பதில்லை. ஐந்து எண்ணுவதும் இல்லை.

இவ்வாறு ஆடினால் நேரம் மிகுதியாகும், பாடம் முடியாது என்று அவர் கவலைப்படக்கூடும். கொடைரோட்டில் என் வீட்டிலிருந்து பார்த்தால் சிறுமலை தெரியும். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குக் கூறும் மூன்று வழிகளுள் வலப்பக்க வழி இம்மலையை ஒட்டிச் செல்வது. இடப்பக்க வழியில் மூன்று பொய்கைகள் உண்டு என்றும், அவற்றுள் ஒன்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் கைவரும் என்றும் அவன் ஆசை காட்டுகிறான். ஓதாமலே புலமை தரும் குளம்! கவுந்தியடிகள் அதனை வேண்டவில்லை. அருகன் ஆகமத்தில் இல்லாதது எதுவும் அதில் இல்லை, உயிர்க்கு ஊறு செய்யாது வாய்மையில் நிற்போர்க்கு எய்தாத பொருளும் இல்லை என்னும் கருத்துப்பட மறுமொழி கூறிவிட்டு, நடந்தே செல்கிறார்.

மின்னட்டையும் அத்தகைய பொய்கையாகிவிடலாம். வழித்துணையாகவும் ஆகலாம். எது ஆகும் என்பது அட்டையில் இல்லை, அதனைக் கையில் ஏந்தி நிற்கும் ஆசிரியரிடம் உள்ளது. வகுப்பில் மெல்லப் பேசும் ஒரு குழந்தை இருக்குமாயின், அக்குழந்தையின் சொல் வந்து சேரும் வரை காத்திருக்குமாறு அந்த ஆசிரியைக்குத் தனியே ஒரு கடிதமும் எழுதியுள்ளேன். நான் காத்திராத கடனை அவராவது தீர்க்கட்டும்.