முயற்சி வீண்போகுமா?

பாடுபட்டவன் பலனடைவான் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பெரும்பாலும் அது மெய்தான். ஆனால் ஒருவன் சோம்பலின்றி, குறுக்குவழி தேடாமல், நாள் தவறாமல் பாடுபட்டும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில் புறப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் என்ன சொல்வீர்கள்? "இன்னும் முயற்சி செய்" என்பீர்களா? அவன் செய்யாத முயற்சியா? "விட்டுவிடு" என்பீர்களா? அதைச் சொல்ல நமக்கு அதிகாரம் உண்டா? வாசகரே, இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு ஓர் உதாரணம் வேண்டும். பிகர் ஸ்கேட்டிங் என்னும் பனிச்சறுக்குக் கலையை எடுத்துக்கொள்கிறேன். பனிக்கட்டியைக் குவளையிலன்றி வேறெங்கும் கண்டிராத நம்மில் பலருக்கு இது தூரத்து விஷயமாகத் தோன்றலாம். ஆனால் முன்னேற்றத்தையும் பின்னடைவையும் இவ்வளவு ஒளிவுமறைவின்றிக் காட்டும் கலைகள் சிலவே. எழுத வராதவன் காகிதத்தைக் கிழித்தெறிந்து விடலாம். பாட வராதவன் கதவைச் சாத்திக்கொண்டு பாடலாம். பனித்தளத்தில் விழுகிறவனோ எல்லாரும் பார்க்கத்தான் விழவேண்டும்.

முதலில் அதன் அமைப்பைக் கேளுங்கள். கணுக்காலை இறுகப் பிடிக்கும் பூட்ஸ்; அதன் அடியில் சுமார் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள எஃகுத் தகடு. அந்தத் தகட்டின் அடிப்புறம் தட்டையானதன்று. நீளவாக்கில், நடுவே வாய்க்கால்போலச் சற்றே குழிந்திருக்கும். ஆகவே அதற்கு உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்றாக இரண்டு விளிம்புகள். எந்த விளிம்பின்மேல் சாய்கிறாரோ அந்தப் பக்கமாக வளைந்து செல்வார் சறுக்குகிறவர். இவ்விரு விளிம்புகளையும் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஆளக் கற்பதே இக்கலையின் அஸ்திவாரம். 1990 வரை உலகப் போட்டிகளில், ஒற்றைக் காலில் பனியின்மேல் வட்டங்கள் வரைந்து, வரைந்த கோட்டின்மேலேயே மறுபடியும் மறுபடியும் செல்வது தனிப் பரீட்சையாகவே இருந்தது. 'பிகர்' என்ற பெயரும் அந்த உருவங்களிலிருந்து வந்ததே.

முதல் நாட்களின் பாடம் என்ன தெரியுமா? விழுவது! முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சரியவேண்டும். பிறருடைய தகடு விரல்மேல் ஏறாதபடி கைகளை மூடிக்கொள்ளவேண்டும். பிறகு ஒரு முழங்காலை ஊன்றி எழவேண்டும். ஓடக் கற்பிக்கும் முன்னே விழக் கற்பிக்கிற கலை இது.

தொடக்கத்தில் வளர்ச்சி வேகமாக இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்கியவர் சில வாரங்களில் கையை விடுவார். பின்னோக்கிச் செல்வார், சுழல்வார், சிறு தாவல்கள் ஒவ்வொன்றாய் வசப்படும். அப்புறம் வழியில் ஆக்ஸல் நிற்கிறது. நார்வே நாட்டு ஆக்ஸல் பால்சன் 1882-ல் வியன்னா நகரில் செய்துகாட்டிய தாவல் அது. மற்ற முக்கியத் தாவல்கள் ஐந்திலும் பின்னோக்கிச் சென்றபடி எழும்பவேண்டும். இதில் மட்டும் முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்கவேண்டும். ஆகவே அந்தரத்தில் ஒரு சுற்று போதாது; ஒன்றரைச் சுற்று வேண்டும். அந்த அரைச் சுற்றின் வாசலில் மாதக்கணக்கில் நின்றவர்கள் அநேகர். ஆண்டுகளைக் கழித்தவர்களும் உண்டு.

பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து தளத்துக்குப் போகிறாள். ஐந்து மாதமாக ஆக்ஸல் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது! புதன்கிழமை போய்விட்டது. இடையில் அவள் உயரமும் கூடிவிட்டது. உடலின் நிறையும் நெம்பும் மாறியதால், முன்பு கைவந்த தாவல்கள்கூடத் தடுமாறுகின்றன. அந்த வேளையில், அவளுக்குப் பின் சேர்ந்த சிறுமி ஒருத்தி அநாயாசமாக ஆக்ஸல் செய்து, ஆசிரியரின் கைதட்டலைப் பெறுகிறாள். அன்று நம் பெண் அழுதால், அது இடுப்பில் பட்ட அடிக்காக அன்று.

இங்கே இரண்டு துன்பங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று வீழ்ச்சி, மற்றொன்று தேக்கம். வீழ்ச்சி சத்தமிட்டு வருகிறது. அது வலிக்கிறது, ஆனால் எழச் சொல்கிறது. தேக்கமோ சத்தமின்றி வருகிறது. நேற்றும் இப்படி, இன்றும் இப்படி, நாளையும் இப்படித்தான் என்று காதில் ஓதுகிறது. வீழ்ச்சியினால் கலையை விட்டவர்களைவிடத் தேக்கத்தினால் விட்டவர்கள் அதிகம் என்றே நான் எண்ணுகிறேன்.

தேக்கத்தைப் பற்றி அறிவாளர் சொல்வதையும் கேட்போம். 1897-ல் அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி கற்போரை ஆராய்ந்தார்கள். தந்தியின் ஒலியைக் கேட்டு எழுதும் வேகம் முதலில் ஏறியது. பின் வாரக்கணக்கில் சமபூமிபோல் அசையாமல் நின்றது. அப்புறம் மறுபடியும் ஏறியது. அசையாத அந்த வாரங்களில் உள்ளே ஒரு வேலை நடந்தது என்று அவர்கள் விளக்கினார்கள். தனித்தனி எழுத்தைக் கேட்பது பழக்கமாய்ப் படிந்து, முழுச் சொல்லைக் கேட்கச் செவி தயாராயிற்றாம். பின்வந்த ஆய்வாளர் எல்லாரும் இவ்விளக்கத்தை அப்படியே ஏற்கவில்லை. ஆயினும் கைத்தொழில் எதையேனும் கற்றவர்களுக்கு இதில் உண்மை உண்டென்பது அனுபவத்தில் தெரியும். வெளியே ஒன்றும் நடவாத காலமெல்லாம் உள்ளேயும் ஒன்றும் நடவாத காலமாகிவிடாது.

ஆனால் காத்திருந்தாலே போதும் என்று பொருளல்ல. நல்ல ஆசிரியர், ஆக்ஸல் வராத மாணவியை என்ன செய்கிறார்? அவளைக் கீழ்வகுப்புக்கு அனுப்புகிறார்! அதே முன்னோக்கிய எழுச்சியுடன் அரைச் சுற்று மட்டுமே உள்ள வால்ட்ஸ் தாவலைத் திரும்பச் செய்யச் சொல்கிறார். எழும்பிய காலிலிருந்து இறங்கும் காலுக்கு உடலின் பாரம் அந்தரத்திலேயே மாறவேண்டுமல்லவா? அதற்காக, இறங்கும் காலின்மேல் சுழலும் பின்சுழற்சியைப் பழகச் சொல்கிறார். தரையில் பூட்ஸ் இல்லாமல் அதே தாவலைச் செய்விக்கிறார். தகடு மழுங்கியிருக்கிறதா, வளர்ந்த காலுக்குப் பூட்ஸ் சிறுத்துவிட்டதா என்று பார்க்கிறார். சில வேளைகளில் குற்றம் பிள்ளையிடம் இல்லை, தகட்டில் இருக்கிறது. பின்பு, "இன்று இத்தனை முறைதான், போய்த் தூங்கு" என்கிறார். பகலில் பழகிய அசைவுகளை மூளை உறக்கத்திலும் உறுதிப்படுத்துகிறது என்று இன்றைய விஞ்ஞானமும் கூறுகிறது.

இவற்றுள் எது கடினம்? உடலுக்கு ஒன்றும் கடினமில்லை. கீழ்வகுப்புக்குத் திரும்புவதே கடினம். ஏனெனில் அதற்குத் தாழ்ச்சி வேண்டும். "நானா? மறுபடியும் வால்ட்ஸ் தாவலா? சின்னப் பிள்ளைகள் பார்ப்பார்களே!" என்கிறது ஆங்காரம். அது தைரியத்தின் வேஷம் போட்டுக்கொண்டு, "நூறு முறை விழுந்தாலும் விடேன்" என்று தவறான தாவலையே நூறு முறை செய்கிறது. தவறும் பழகப் பழகப் படியும் என்பதை அது அறியாது.

பிடிவாதத்தையும் விடாமுயற்சியையும் எப்படிப் பிரித்தறிவது? எளிய சோதனை ஒன்று உண்டு. விடாமுயற்சி கேள்வி கேட்கும், ஆலோசனை கேட்கும், வழியை மாற்றிக்கொள்ளும். பிடிவாதம் தன் குரலை மட்டுமே கேட்கும். ஒவ்வொரு தாவலிலும் இறங்கும் ஒற்றைக் கால் உடல் எடையைப்போலப் பல மடங்கு பாரத்தைத் தாங்குகிறது. ஓய்வின்றித் தாவுகிறவர்களின் எலும்பில் நுண்ணிய விரிசல்கள் உண்டாவதை வைத்தியர்கள் அறிவார்கள். நாள்தோறும் ஒரே இடத்தில் கூடிவரும் வலியை மறைத்துக்கொண்டு தாவுவது வீரமன்று. தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட உடலுக்குச் செய்யும் அநீதி. அதுபோலவே, ஒரு தாவலைச் சில மாதம் ஒத்திவைப்பதும், ஏன், ஒரு தாவலை முற்றிலும் விட்டுவிடுவதும் தோல்வியாகாது. ஆக்ஸல் இல்லாமலும் அழகாகச் சறுக்கலாம். நாற்பது வயதில் கற்கத் தொடங்கியவர்கள் அநேகர் அப்படியே மகிழ்ந்திருக்கிறார்கள்.

எழுந்து நிற்பது எப்படி என்பதற்கு ஒரு சாட்சியைச் சொல்லட்டுமா? ஜப்பானிய வீராங்கனை மிடோரி இட்டோ 1992-ல் ஆல்பெர்வில் ஒலிம்பிக் போட்டிக்கு வந்தபோது, பதக்கம் நிச்சயம் என்று உலகமே எதிர்பார்த்தது. முதற்கட்டத்திலேயே விழுந்து நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். இறுதிக்கட்டத்தில், அந்தரத்தில் மூன்றரைச் சுற்றுச் சுற்றும் மூன்று சுற்று ஆக்ஸலை முயன்றார், அதிலும் விழுந்தார். எளிய தாவல்களோடு முடித்துக்கொள்ள யாரும் தடை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ அதே நிகழ்ச்சியின் பிற்பகுதியில், கால்கள் களைத்த வேளையில், அதே தாவலை மறுபடியும் செய்தார், உறுதியாக இறங்கினார். ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதற்பெண் அவரே. வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

இப்படி முடியும் கதைகள் இனிமையானவை. ஆனால் நான் கேட்ட கேள்வி இதோடு தீரவில்லை. மறுபடியும் முயன்றும் வராவிட்டால்?

அதற்கும் ஒரு சாட்சி உண்டு. யுசுரு ஹன்யூ என்பவர் செண்டாய் நகரில் பிறந்தவர். 2011-ல் அந்நாட்டைக் குலுக்கிய பூகம்பத்தின்போது பனித்தளத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். காலில் சறுக்குப் பூட்ஸோடு வெளியே ஓடித் தப்பினார். 2014-ல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2017 நவம்பரில் கணுக்காலில் பலத்த காயம். அதிலிருந்து எழுந்து 2018-ல் இரண்டாம் தங்கம் வென்றார். அப்புறம் எவரும் செய்திராத ஒன்றில் மனத்தை வைத்தார்: அந்தரத்தில் நாலரைச் சுற்றுச் சுற்றும் ஆக்ஸல். ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் நாலரைச் சுற்று! பல ஆண்டுகள் அதற்காகவே உழைத்தார். 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதை முயன்றார். விழுந்தார். நான்காம் இடம், பதக்கம் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில், பதினேழு வயது இலியா மாலினின் அந்தத் தாவலைச் செய்து வெற்றியாக இறங்கினார். ஹன்யூவின் முயற்சி தமக்கு ஊக்கம் தந்ததென்று அவரே சொன்னார்.

"பார்த்தீர்களா, ஒருவர் விதைத்தார், மற்றவர் அறுத்தார்; முயற்சி வீண்போகவில்லை!" என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால் அது நேர்மையாகாது. அந்த இளைஞர் செப்டம்பரில் விழுந்திருந்தால், ஹன்யூவின் பாடெல்லாம் வீண் என்று சொல்லிவிடுவோமா? ஒருவனுடைய உழைப்பின் மதிப்பு மற்றொருவனுடைய வெற்றியைப் பற்றிக்கொண்டு தொங்கலாமா?

நாம் பயிற்சியைக் கடன்போல எண்ணிக்கொள்கிறோம். இத்தனை காலை நேரங்களைக் கொடுத்தேன், ஆகவே பனிக்கட்டி எனக்கு ஓர் ஆக்ஸல் தரவேண்டும் என்று கணக்கு எழுதுகிறோம். பனிக்கட்டி யாருக்கும் கடன்பட்டதில்லை. அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டால் பாதித் துயரம் தீரும். ஏனெனில் ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்று வெளியே: தாவல் வந்ததா, இல்லையா என்பது. மற்றொன்று உள்ளே: முயன்றவன் எப்படிப்பட்டவனானான் என்பது. முதல் முடிவு நம் கையில் பாதிதான் இருக்கிறது. இரண்டாவதை நம்மைத் தவிர வேறு எவரும் கெடுக்க முடியாது.

ஆகவே, முயற்சி வீண்போகுமா என்றால், போகும் என்றே பதில் சொல்கிறேன். விழுந்தவன் பிறர் வெற்றி கண்டு பொறாமையால் கசந்துபோனால் அவன் முயற்சி வீண். தாவல் கைவந்தவன், வராதவளைப் பார்த்து இளக்காரமாய்ச் சிரித்தால் அவன் முயற்சியும் வீண். பதக்கம் அவன் கழுத்தில் தொங்கினாலும் வீண்தான். ஆனால் நம் பன்னிரண்டு வயதுப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், தன்னை முந்திய சிறுமியிடம், "நீ நன்றாகச் செய்தாய்" என்று மனதாரச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து வால்ட்ஸ் தாவலைத் தொடங்கினால், அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாளும் வீணாகவில்லை. ஆக்ஸல் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம், "இன்று வந்ததா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்டுதான் அது நாளெல்லாம் விழுந்தது. கட்டிய பணத்தையும் நினைவூட்டாதீர்கள். "இன்று என்ன கற்றாய்?" என்று கேளுங்கள். முடிந்தால் ஒன்றும் கேளாமல் சூடாக ஏதேனும் குடிக்கக் கொடுங்கள்.

வாசகரே, நீங்கள் ஒருவேளை ஆயுளில் ஒரு முறையும் பனித்தளத்தில் கால் வைக்கமாட்டீர்கள். ஆயினும் உங்களுக்கும் ஓர் ஆக்ஸல் இருக்கும். திருந்தாத கோபமோ, கைவராத தொழிலோ, எத்தனை முறை படித்தும் ஏறாத பாடமோ, அது உங்களுக்கே தெரியும். இன்று அங்கே நீங்கள் விழுந்திருந்தால், முழங்காலை ஊன்றி எழுங்கள். எழுந்ததும் பெரிய தாவலைத் தேடாதீர்கள். உங்களால் இன்று செய்ய முடிந்த சிறிய தாவல் ஒன்று இருக்கும். அதைச் சரியாகச் செய்துவிட்டு, நிம்மதியாக உறங்கப் போங்கள்.