யார் ஏறுவது?

எங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகிற்று. குறுகலான கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நின்றுதான் பார்க்க வேண்டும். நான் ஏறவில்லை. குழாய் வேலை செய்யும் இளைஞன் ஒருவனைக் கூப்பிட்டேன். ஏறினான், கால் வழுக்கியது, எப்படியோ சமாளித்துக்கொண்டான். கேட்டதற்கு மேலேயே கூலி கொடுத்தனுப்பினேன். ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. கூலி கொடுத்துவிட்டால் அபாயம் நம்முடையதல்ல என்று ஆகிவிடுமா?

அப்போது கர்னல் ஜான் ஸ்டாப் நினைவுக்கு வந்தார். 1910-ல் பிரேசிலில், பாதிரிமார் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்க விமானப் படை வைத்தியர். விமானம் மோதி நிற்கும்போது மனித உடம்பு எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்பதே அவருடைய ஆராய்ச்சி. தன் எடையைப் போல் 18 மடங்கு விசைக்குமேல் தாங்காது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. தண்டவாளத்தில் ராக்கெட்டுகள் தள்ளிச் செல்லும் ஒரு வண்டி. கோடியில் அதைச் சட்டென்று நிறுத்தத் தடுப்பு. முதலில் பொம்மைகளை ஏற்றிப் பார்த்தார். அப்புறம்? அவர் அதிகாரி. 'ஏறு' என்றால் ஏறுவதற்கு ஆளில்லாமலா போயிருக்கும்? 1947-ல் தாமே ஏறி உட்கார்ந்தார்.

1954 டிசம்பர் 10-ந் தேதி, நியூ மெக்ஸிகோவிலுள்ள ஹாலோமன் தளத்தில், அந்த வண்டி மணிக்கு 632 மைல் வேகத்தில் பாய்ந்து, 1.4 விநாடியில் நின்றது. 46 மடங்கு விசை! கண்களில் ரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வையே இல்லை. குருடாகிவிட்டால் என்ன செய்வதென்று, முன்பே விளக்கை அணைத்துவிட்டு உடை உடுத்திப் பழகியிருந்தாராம். அப்போது அவருக்கு வயது 44. எனக்கும் இப்போது அதே வயதுதான்.

அவரை மகான் என்று நான் சொல்ல வரவில்லை. மற்றவர்களும் விரும்பி முன்வந்து ஏறினார்கள். வாயில்லாச் சிம்பன்ஸிகளும் ஏற்றப்பட்டன. அவற்றின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? ஆனாலும், பிறரை ஏறச் சொல்லுமுன் தாம் ஏறிப் பார்த்தவர் அவர்.

கார்களுக்கும் இடுப்பு வார் வேண்டுமென்று பல வருஷங்கள் மன்றாடினார். 1966-ல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானபோது அவரும் உடனிருந்தார். 1999-ல், 89 வயதில் காலமானார். இன்று காரில் வாரை மாட்டிக்கொள்ளும்போது அவருடைய கண்களை யார் நினைக்கிறார்கள்?

தொட்டி மறுபடி ஒழுகிற்று. அதே இளைஞன்தான் வந்தான். நானே ஏறும் தைரியம் இன்னும் எனக்கு வரவில்லை. ஆனால் இம்முறை கயிறு வாங்கி வைத்திருந்தேன். ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டச் சொன்னேன். மறுமுனையைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, அவன் இறங்கும்வரை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.