ஆற்றலும் அறமும்

உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அண்மையில் எம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தனர். ‘எந்திரன்’ சிறந்த படமா, அதன் தொடர்ச்சியாக வந்த ‘2.0’ சிறந்த படமா என்பதே வழக்கு. ஒரு சாரார் பின்னதன் பிரமாண்டத்தைப் போற்றினர். மறு சாரார் முன்னதன் கதையைப் போற்றினர். இத்தகைய வாதங்களை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுதல் ஆசிரியருக்கு எளிது. ஆயின், பல இலட்சம் மக்கள் கண்டு களித்த கதையொன்றில் அம்மக்கள் வாழுங் காலத்தின் அறவுணர்ச்சி ஏதோவொரு வகையிற் படிந்தே இருக்கும். ஆதலின் வினாவைச் சற்றே மாற்றிக் கேட்போம். அளவிறந்த ஆற்றல் பற்றி இவ்விரு படங்களுள் எது கூடுதலான உண்மையைப் பேசுகின்றது?

ஷங்கரின் நெறியாள்கையில் ‘எந்திரன்’ 2010 ஒக்டோபரில் வெளிவந்தது. அதன் உரையாடலில் பெரும்பங்கு வகித்த எழுத்தாளர் சுஜாதா, படம் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளின் முன்னரே காலமாகிவிட்டார். விஞ்ஞானி வசீகரன் ‘சிட்டி’ என்னும் எந்திர மனிதனைப் படைக்கிறான். நூறு மனிதரின் வலிமையுடைய அப்படைப்பை இராணுவத்துக்கு அளிப்பதே அவன் நோக்கம். நன்மை தீமையைப் பகுத்தறியும் ஆற்றல் இல்லாத வலிமை எத்தகைய ஆபத்தைத் தரும் என்ற வினா படத்தின் முற்பகுதியிலேயே எழுந்துவிடுகின்றது.

தீப்பிடித்த கட்டடத்திலே குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியைச் சிட்டி ஆடையின்றியே தூக்கிவந்து பலர் முன்னிலையில் விடுகிறது. நாணம் தாளாத அவள் ஓடுகிறாள்; வாகனத்தில் மோதுண்டு இறக்கிறாள். எந்திரத்துக்கு உணர்ச்சி இல்லாமையே இச்சாவுக்குக் காரணம் எனப் படம் தீர்ப்பளிக்கிறது. எமக்கு இத்தீர்ப்பு உடன்பாடன்று. உயிரைக் காத்தல் எந்திரத்தின் பிழையாகுமா? உயிரினும் உடலின் மறைவே பெரிதென்று ஒரு பெண்ணுக்குக் கற்பித்து வைத்த சமுதாயத்தின் பிழை அல்லவா அது? இவ்வினாவை எழுப்பாது கடந்து செல்வது முதற்படத்தின் குறையே. முன்னது என்பதனாலேயே ஒரு படைப்பு குறையற்றது ஆகிவிடாது.

எனினும் அப்படத்தின் முடிவு நினைவில் நிற்கத்தக்கது. உணர்ச்சி பெற்ற சிட்டி காதலாலும் பிறர் சூழ்ச்சியாலும் அழிவுச் சக்தியாக மாறுகிறது. ஈற்றில் நீதிமன்றத்தின் ஆணைக்கு அடங்கித் தன் கையாலேயே தன் உறுப்புகளைக் கழற்றி வைக்கிறது. ‘றோபோ’ என்ற சொல்லே கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. கரேல் சாப்பெக்கின் நாடகம் 1921 இல் அதனை மேடையேற்றியபோது, அடிமை எந்திரங்கள் எசமானர்மீது கிளர்ந்தெழுந்தன. சிட்டியோ கிளர்ச்சியின் பின்னர் தன் ஆற்றலைத் தானே கைவிடுகிறது. வலிமையின் உச்சம் வலிமையைத் துறத்தலே என்ற எண்ணம், கதாநாயகனைத் தெய்வமாக்கி வழிபடும் தமிழ்ச் சினிமாவிலே எளிதிற் காணக்கூடியதன்று.

இனி இரண்டாவது படத்துக்கு வருவோம். 2018 நவம்பரில் வெளிவந்த ‘2.0’ முன்னதனைப் போன்று பன்மடங்கு செலவில், முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. பறவையியலாளர் பட்சிராஜன், கைத்தொலைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சே பறவைகளைக் கொல்கிறது என்று நம்புகிறார். மக்களிடம் மன்றாடுகிறார், அமைச்சரிடமும் நீதிமன்றத்திடமும் முறையிடுகிறார். எங்கும் ஏளனமே கிட்டுகிறது. ஈற்றிற் கோபுரமொன்றிலே தூக்கிட்டு மாள்கிறார். மாண்டவர் பழிவாங்கும் பேருருவாக மீண்டு வருகிறார். அவரை அடக்க, அருங்காட்சியகத்தில் உறங்கிய சிட்டியை அரசு எழுப்புகிறது.

கோபுரக் கதிர்வீச்சே பறவைகளின் அழிவுக்குக் காரணம் என்பதை விஞ்ஞானம் இன்னும் உறுதியாக நிறுவவில்லை. அது ஒருபுறம் இருக்க, நியாயமான முறைப்பாட்டை வில்லனின் கையிலே கொடுத்தமை துணிவான செயல் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் படம் அத்துணிவைப் பேணவில்லை. இறுதிப் போரிலே புறாக்களின் மீதேறி வரும் நுண்ணெந்திரங்கள், அப்புறாக்களையே பணயமாக வைத்துப் பட்சிராஜனைப் பணிய வைக்கின்றன. பறவைகளின்மேல் அவர் கொண்ட அன்பே அவரை வீழ்த்தும் ஆயுதமாகிறது. அவர் அழிந்த பின்பு வசீகரன் அமைச்சரிடம் கூறுவது யாது? பட்சிராஜனின் கவலை நியாயமானதே; கைத்தொலைபேசிப் பாவனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறான்! முறையிட்டவனைக் கொன்ற பின்னர் முறைப்பாட்டை ஏற்றுக்கொள்ளும் விந்தை இது. படம் வெளிவருமுன் இந்தியத் தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் அதனை எதிர்த்து முறையிட்டது. படத்தைத் தயாரித்ததோ, கைத்தொலைபேசிச் சேவையால் வளர்ந்த லைக்கா நிறுவனத்தின் சினிமாக் கிளை. மூலதனம் தன்மீதான குற்றச்சாட்டையும் விற்பனைப் பண்டமாக்கவல்லது. குற்றஞ்சாட்டுபவன் இறுதியில் வீழ்த்தப்பட வேண்டும் என்பதே அதன் நிபந்தனை போலும்.

‘அவர் கொலை செய்தாரே, வேறென்ன செய்வது?’ என்று மாணவன் ஒருவன் கேட்டான். கேள்வி நியாயமானது. கொலையை நாம் ஏற்கவில்லை. நியாயமான நோக்கம் எந்த வழியையும் நியாயமாக்கிவிடாது. ஆயின் வழி பிழைத்தமையால் நோக்கமும் பிழைத்துவிடுமா? இவ்விரண்டையும் பிரித்தறிதலே அறம் பற்றிய சிந்தனையின் தொடக்கம். தீய வழியைத் தோற்கடித்தவர் அதனாலேயே முறைப்பாட்டுக்கு விடை கூறியவர் ஆகார். விடைகூறும் கடன் வெற்றியின் பின்னரே அவரைச் சார்கின்றது.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. 2009 இல் போர் முடிந்தது. 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை அடுத்த ஆண்டே வெளிவந்தது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அதன் பின்னரும் வீதியோரங்களிற் படங்களை ஏந்தி நின்றனர். வெற்றி பெற்றவர் ஏட்டில் ஏற்றுக்கொள்வதற்கும் நடைமுறையில் ஏற்றுக்கொள்வதற்கும் இடையேயுள்ள தூரத்தை அத்தாய்மாரே அறிவர். வசீகரனின் ஒரு நிமிட ஒப்புதலைக் கண்டு நாம் நிறைவுகொள்ளாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பறவைகளும் எமக்கு அந்நியமானவை அல்ல. 1938 இலேயே சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட சுண்டிக்குளத்துக்கு மாரிதோறும் வலசைப் பறவைகள் வருகின்றன. மன்னாரிலே அத்தகைய பறவைகளின் வழித்தடத்தைக் காற்றாலைகள் பாதிக்கும் என்று சூழலியலாளர் 2024 இல் உயர் நீதிமன்றத்தை நாடினர். அவர்களுக்குப் பேருருவும் இல்லை, மாயமும் இல்லை. மனுவும் சான்றுமே உண்டு. பட்சிராஜன் உயிரோடிருந்தபோது கையில் வைத்திருந்தவையும் அவையே. அவரை அரக்கராக்கியது எது என்பதே ‘2.0’ கேட்டிருக்க வேண்டிய வினா. செவிசாய்க்க மறுத்த அமைச்சும் நீதிமன்றமும் சந்தையும், கைபேசியிலிருந்து கண்ணெடுக்காத நாமுமே அதற்கு விடை.

முதற்படத்திலே ஆற்றல் தன்னையே விசாரித்துத் தன்னையே கழற்றிக்கொண்டது. இரண்டாவது படத்திலே அதே ஆற்றல் எவ்வித விசாரணையுமின்றி மீண்டும் பூட்டப்பட்டது. பூட்டியவர் எவரும் அதற்காக நாணவில்லை. உருவம் பெருத்தது, வினா சிறுத்தது. எமது மாணவரின் வழக்குக்கு இதுவே எமது தீர்ப்பு. தீர்ப்பை அவர்கள் ஏற்காவிடினும் குற்றமில்லை. அடுத்த முறை திரையில் ஒருவன் வீழ்த்தப்படும்போது, கைதட்டுவதற்கு முன்னர் அவன் கேட்டது என்னவென்று அவர்கள் ஒருகணம் எண்ணிப்பார்ப்பார்களாயின், அதுவே போதும்.