நன்றி: இணையம்

பிறர் பொருளை எடுப்பது தவறு என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடையில் குவித்திருக்கும் நிலக்கடலையில் ருசி பார்க்க நாலு மணி எடுப்பதானாலும் கடைக்காரர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறோம். ஆனால் அதே நாம், முன்பின் அறியாத ஒருவர் எடுத்த புகைப்படத்தைக் கைப்பேசியில் இறக்கி, நம் விளம்பரத்திலோ கட்டுரையிலோ சேர்த்துக்கொள்ளும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அடியில் 'நன்றி: இணையம்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் நம் மனச்சாட்சி அடங்கிவிடுகிறது.

அறுவடைக் காலத்தில் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பார்கள். களம் இல்லாத சம்சாரிகள் தார்ச்சாலை ஓரத்திலேயே சோளத்தையும் கம்பையும் காயப்போட்டிருப்பார்கள். காவலுக்குப் பல நேரம் ஆள் இருக்காது. ஊரே பார்த்துக்கொண்டு போகும். யாராவது அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டு, அந்த இடத்தில் 'நன்றி: நெடுஞ்சாலை' என்று எழுதி வைத்துவிட்டுப் போனால் நாம் என்ன சொல்வோம்?

இதை நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் கரிசல் நிலத்தைப் படம் எடுப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த சம்சாரி வானத்தைப் பார்ப்பதுபோலவே அவரும் வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார். முதல் மழையில் வெடிப்பு மூடிய நிலத்தில் நிற்கும் ஒரு முதியவரை அவர் எடுத்த படம், முகநூலில் பலரைக் கவர்ந்தது. சில வாரங்களில் ஒரு வியாபார நிறுவனத்தின் விளம்பரத் தட்டியில் அதே படம் வந்தது. மூலையிலிருந்த இளைஞரின் பெயரை மட்டும் வெட்டியிருந்தார்கள். அவர் போய்க் கேட்டபோது கிடைத்த பதில் இது: "நீதானே தம்பி உலகத்துக்கே போட்டுக் காட்டினே? எங்களால இன்னும் நாலு பேர் பார்த்தாங்கன்னு சந்தோஷப்படு!"

"அவங்க சொல்றது நியாயமா அண்ணாச்சி?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

சட்டத்தின் பதில் தெளிவானது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவரே அதன் ஆசிரியர். எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்துதான் பெற வேண்டும் என்பதில்லை. 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும் அது நிலைக்கிறது. கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன திருமணப் படம் போன்றவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கூலி கொடுத்தவருக்கு உரிமை. வலைத்தளத்தில் ஏற்றும்போது அந்த நிறுவனம் படத்தைக் காட்டவும் பரப்பவும் நாம் அனுமதி தருகிறோம். படத்தையே எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மோரெல் என்ற புகைப்படக்காரர் ட்விட்டர் வழியே வெளியிட்ட படங்களை, பெரிய செய்தி நிறுவனங்கள் எடுத்து விற்றன. வழக்கு நடந்தது. 2013இல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவருக்கு 12 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள்.

ஆனால் இளைஞர் கேட்டது சட்டம் அல்ல, நியாயம். "ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு குறைந்தா போகிறது?" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். கலை பலரையும் சென்றடைய வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் எழுத்துரிமை தனியார் கையில் இருந்ததும், நாடு கிளர்ந்து கேட்டதும், 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு அதை ஏற்க முன்வந்ததும், பின்னர் அது மக்களுக்கே பொதுவானதும் நாம் பெருமைப்படும் வரலாறு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடல் பொதுவாயிற்றே தவிர, பாரதியின் பெயர் அதிலிருந்து உதிரவில்லை. பொதுவாக்கியபோதும் உரியவர்களைக் கேட்டு, பேசி, முறைப்படியே செய்தார்கள். கொடுப்பது வேறு, பறிகொடுப்பது வேறு.

கோவில்பட்டியிலேயே வாழ்ந்து 1976இல் மறைந்த ஓவியர் கொண்டையராஜுவை நினைத்துக்கொள்கிறேன். அவர் எழுதிய தெய்வப் படங்கள் காலண்டர்களாகி எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கின. அடியில் கடையின் பெயர் பெரிதாக இருக்கும். மூலையில் ஓவியரின் பெயர் சிறிதாக இருக்கும். கும்பிட்டவர்களில் பலர் அந்த மூலையைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அது அங்கே இருந்தது. தம் சீடரின் கையும் சேர்ந்த படங்களில் சீடரின் பெயரையும் அருகில் இட்டவர் அவர். சிறிய எழுத்தானாலும் உழைத்தவனுக்கு ஓர் இடம் உண்டு என்று அந்த மூலை சொல்லிற்று. அந்த மூலையைத்தான் இன்று கத்தரிக்கிறோம்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. வேற்றூர்ச் சரக்கின் மேல் எங்கள் ஊர்ப் பெயரை ஒட்டக் கூடாது என்பது நியாயமானால், எங்கள் ஊர்ப் பையனின் சரக்கிலிருந்து அவன் பெயரைக் கிழிப்பது மட்டும் எப்படி நியாயமாகும்?

இளைஞரிடம் நான் இதையெல்லாம் சொன்னேன். பெயரைப் போட்டால் மட்டும் போதாது, அனுமதியும் கேட்க வேண்டும் என்றேன். பகிர விரும்புகிறவர்கள் அவர் பக்கத்திலிருந்தே பகிர்ந்தால் பெயரும் கூடவே செல்லும். இறக்கித் தம்முடையதுபோல் ஏற்றுவதே குற்றம் என்றேன். முகம் மலர்ந்தது.

பிறகு இன்னொன்றும் கேட்டேன்: "அந்தப் பெரியவருக்கு, தன் முகம் முகநூலில் வந்தது தெரியுமா?"

அவர் பேசவில்லை. சட்டம் படத்தின் பதிப்புரிமையை எடுத்தவருக்கே தருகிறது. நிலத்தில் நின்றவருக்குத் தரவில்லை. ஆனால் அந்த முகத்தின் சுருக்கங்கள் கேமராவில் விளைந்தவை அல்ல, அந்த மண்ணில் விளைந்தவை. தன் பெயரை வெட்டியவர்களிடம் நியாயம் கேட்கப் போகிறவர், பெரியவரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? உரிமை என்பது நமக்குக் கிடைக்க வேண்டியது மட்டும் அல்ல. நம்மிடம் பிறருக்குக் கிடைக்க வேண்டியதும் அதுவே. கேட்டுவிட்டு எடுப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தந்துவிடுகிறார். நம் மக்களின் குணம் அது. அந்த மகிழ்ச்சியைக்கூட அவரிடமிருந்து திருடிக்கொள்வானேன்?