பிழைத்தவரின் முறைப்பாடு

உயிர் தப்பியவர் குறைசொல்லக் கூடாது என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவர் விரல்கள் மரத்திருப்பதாகச் சொன்னால், “உயிர் மிஞ்சினதே, அதை நினையுங்கோ” என்கிறோம். இந்த ஆறுதல் நியாயமானதா?

எங்களூரில் பட்டிப்பூ என்போமே, அந்தச் செடியிலிருந்து எடுக்கப்படும் மருந்து வின்கிறிஸ்ரின். 1960களிலிருந்து லுக்கேமியாவுக்குக் கொடுக்கிறார்கள். கலம் இரண்டாகப் பிரிய உள்ளே நுண்குழாய்கள் வேண்டும். அவற்றை இம்மருந்து உருவாகவிடாது, புற்றுக்கலம் சாகிறது. ஆனால் நரம்பிழைகளும் தமக்கு வேண்டியதை அதே வகைக் குழாய்கள் வழியாகத்தான் கடத்துகின்றன. எனவே நீண்ட நரம்புகள் முதலில் நலிந்து, பாதமும் விரலும் மரத்துப்போகின்றன. சிலருக்கு நடக்கையில் பாதம் தொங்கும். பலருக்கு இது மெல்லக் குறையும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இது எவருடைய தவறுமல்ல. காப்பாற்றியதும் காயப்படுத்தியதும் ஒரே மருந்து.

நான் உணவகச் சமையலறையில் வேலைசெய்பவன். தட்டின் சூட்டையும் மீன்முள்ளையும் கண்ணுக்கு முதல் விரல்தான் அறியும். அந்த விரலை நம்பிப் பிழைப்பவருக்கு அது ‘பக்க’ விளைவு அல்ல.

மெம்பிஸ் நகரின் சென்ற் ஜூட் மருத்துவமனையில் டொக்டர் டொனால்ட் பிங்கெலின் குழுவினர், 1960களின் பிற்பகுதியில், மூளைப்பகுதியில் ஒளிந்திருக்கும் புற்றுக்கலங்களை அழிக்கத் தலைக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அதுவரை அநேகமாக எல்லாப் பிள்ளைகளையும் கொன்ற நோயில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தார்கள். பின்னர் அவர்களிற் பலருக்கு ஞாபகமும் கவனமும் குறைந்து, படிப்புச் சிரமமாயிற்று. உயிர் மிஞ்சியதே என்று எல்லோரும் வாய்மூடியிருந்தால் அடுத்து வந்த பிள்ளைகளும் அதே விலையைக் கொடுத்திருப்பார்கள். பிழைத்தவர்களைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள், சிகிச்சை மாறியது. இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தலைக் கதிர்வீச்சு இல்லை. முள்ளந்தண்டு நீரினுள்ளும் இரத்தத்திலும் ஏற்றும் மருந்துகளே போதுமாகின்றன. வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் அளவில் பிழைக்கிறார்கள். முள்ளந்தண்டில் ஏற்றும் மெதோற்றெக்சேற்றும் சிலருக்கு வலிப்பையோ தற்காலிகப் பக்கவாதத்தையோ தருகிறது. ஆகவே விசாரணை இன்னும் முடியவில்லை.

நன்றியும் முறைப்பாடும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தஞ்சம் கிடைத்ததே போதாதா என்று கேட்கப்பட்ட எங்களுக்கு இது விளங்காததல்ல. வைத்தியரிடம் நேரத்தோடு சொன்னால் மருந்தின் அளவைக் குறைக்கவோ சிறிதுகாலம் நிறுத்தவோ இடமுண்டு. நன்றிக்கடனென்று மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். அடுத்தமுறை ஒருவர் விரல் மரத்ததென்றால், உயிரை நினைவூட்டுவதை விட்டு, எந்த விரல், எப்போதிருந்து என்று கேட்போம்.